குளிர்ந்த நீரும் வளர்ப்பு மீனும்: மலை வணிகர் அறிய வேண்டியவை



குன்னூரில் தவிடு, புண்ணாக்கு மொத்த வியாபாரம் செய்து வருபவன் நான். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவன். மீனைப் பற்றி நான் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். காரணம் உண்டு.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், கோத்தகிரி பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருவர் தோட்டத்தின் கீழ்ப்பகுதியில் குளம் வெட்டி மீன் வளர்க்க ஆரம்பித்தார். சமவெளியிலிருந்து கட்லா, ரோகு குஞ்சுகளைக் கொண்டு வந்து விட்டார். கடலைப் புண்ணாக்கும் தவிடும் என் கடையில் கடன் கணக்கில் எடுத்தார். மார்கழியில் மீன் சரியாகத் தின்பதில்லை என்றார். "தீனியைக் கூட்டிப் போடுங்கள், குளிருக்குத் தெம்பு வேண்டாமா?" என்று சொன்னவன் நான்தான். மாசி மாதம் வெயில் ஏறியதும் மீன்கள் உடம்பில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல மிதக்கத் தொடங்கின. இரண்டு வாரத்தில் பெரும்பகுதி போய்விட்டது. அவர் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, புண்ணாக்குல என்ன கலந்தீங்க?" என்று கேட்டார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். நாற்பது வருட வியாபாரத்தில் நான் கேட்ட கடுமையான கேள்வி அது.

புண்ணாக்கில் குற்றமில்லை. நான் சொன்ன யோசனையில்தான் குற்றம். மீன்வளம் தெரிந்த அலுவலர் ஒருவரிடம் விசாரித்தும், பிறகு படித்தும் நான் தெரிந்துகொண்டதை நம் உறுப்பினர்களுக்குச் சொல்கிறேன்.

நீர் குளிர்ந்தால் மீனுக்கு என்ன ஆகிறது?

ஆடு, மாடு, மனிதர் ஆகியோர் குளிரில் அதிகம் சாப்பிட்டு உடம்பைச் சூடாக வைத்துக்கொள்கிறோம். மீனுக்கு அந்த வசதி கிடையாது. நீரின் சூடு எதுவோ ஏறக்குறைய அதுவே மீனின் உடல் சூடு. நீரின் வெப்பம் 10 டிகிரி குறைந்தால் மீனின் உடல் இயக்கம் சுமார் பாதியாகக் குறையும் என்பது பொதுவான கணக்கு. (இங்கு சொல்லும் டிகிரி எல்லாம் செல்சியஸ்.) செரிமானமும் அப்படியே. தின்ற தீனி குடலில் நாள்கணக்கில் கிடக்கும்; தின்னாத தீனி குளத்தின் அடியில் அழுகும். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை.

இரண்டாவது, நோயை எதிர்க்கும் சக்தியும் குளிரில் மந்தமாகிவிடுகிறது. ஆனால் சில பூஞ்சைகளுக்குக் குளிர் ஒத்துப்போகும். மீன் உடம்பில் பஞ்சு போலப் படர்வது அப்படி ஒரு நீர்ப்பூஞ்சைதான். செதில் உதிர்ந்த இடத்திலும் காயத்திலும் அது முதலில் பிடிக்கும். 1988ஆம் ஆண்டு வாக்கில் வடகிழக்கு வழியாக இந்தியாவுக்குள் வந்து பல மாநிலங்களுக்குப் பரவிய புண் நோயும் குளிர் காலத்தில்தான் அதிகம் தலைகாட்டுகிறது.

மூன்றாவது, எனக்குப் புரியாமல் இருந்த விஷயம். மீன் பலவீனப்படுவது மார்கழியில்; சாவது மாசி, பங்குனியில். வெயில் ஏறும்போது நோய்க்கிருமிகளும் ஒட்டுண்ணிகளும் சீக்கிரம் விழித்துக்கொள்கின்றன. மீனின் எதிர்ப்புச் சக்தி மெதுவாகத்தான் விழிக்கிறது. குளிரில் மட்காமல் அடியில் தங்கிய சாணமும் தீனியும் அதே நேரம் மொத்தமாக அழுகி, நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடுகின்றன. ஆகவே மாசியில் மீன் செத்தால் காரணத்தை மாசியில் மட்டும் தேடக்கூடாது. மார்கழிக் கணக்கையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

மலையின் உயரமும் ஒரு கணக்கு

குளிர்ந்த நீரில் பிராணவாயு அதிகம் கரையும் என்பது உண்மை. கடல் மட்டத்தில் 30 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 7.6 மில்லிகிராம் கரையும். 10 டிகிரி நீரில் சுமார் 11.3 மில்லிகிராம் கரையும். ஆனால் ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய முக்கால் பங்குதான். எனவே ஊட்டியின் 10 டிகிரி நீரில் கரைவது எட்டரை மில்லிகிராம் அளவே. குளிர் கொடுத்த லாபத்தில் பெரும்பகுதியை உயரம் பிடித்துக்கொள்கிறது. நாள்கணக்கில் மேகமூட்டம் இருந்தால் நீர்ப்பாசிகள் வெயிலில் பிராணவாயு உண்டாக்குவதும் குறையும். 'குளிர்ந்த நீர்தானே, காற்றுக்குப் பஞ்சமில்லை' என்று இருந்துவிடக்கூடாது.

எந்த மீனுக்கு எந்தக் குளிர்?

கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை 25 முதல் 32 டிகிரி வரையுள்ள நீரில் செழிப்பவை. 20 டிகிரிக்குக் கீழே இரை எடுப்பது குறைந்து, வளர்ச்சி நின்றுவிடும். திலேப்பியா 10, 12 டிகிரியில் செத்தே போகும். சாதாக்கெண்டை வளர்வதற்கு வெதுவெதுப்பான நீரையே விரும்பும் என்றாலும், 5 டிகிரி குளிரையும் தாங்கிக் கிடக்கும். 1939இல் இலங்கையிலிருந்து சாதாக்கெண்டை வகைகளைக் கொண்டு வந்து ஊட்டி ஏரியில் விட்டதும், அவை இங்கே நிலைத்துப் பிற மலைப்பகுதிகளுக்கும் சென்றதும் இந்தக் குணத்தால்தான்.

டிரவுட் மீன் கதையே வேறு. 1860களில் பிரான்சிஸ் டே என்பவர் அதை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். பின்னர் எச்.சி. வில்சன் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். அதன் பிறகே வானவில் டிரவுட் நம் ஓடைகளில் நிலைத்தது. அதற்கு 10 முதல் 18 டிகிரி வரை சுகம். 20க்கு மேல் தொல்லை. 25ஐ நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. அதன் முட்டை 10 டிகிரி நீரில் சுமார் ஒரு மாதத்தில் பொரியும். 5 டிகிரியில் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். ஓடும் சுத்த நீரும் புரதம் மிகுந்த தீவனமும் அதற்கு வேண்டும். நம் புண்ணாக்கும் தவிடும் அதற்குப் போதாது என்பதை வாடிக்கையாளரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டியவை

1. குளத்துக்கு ஒரு வெப்பமானி அவசியம். காலையிலும் மாலையிலும் நீரின் சூட்டைக் குறித்து வரச் சொல்லுங்கள். காற்றின் குளிர் வேறு, நீரின் குளிர் வேறு.

2. கெண்டை மீனுக்கு நீர் 20 டிகிரிக்கு மேல் இருந்தால் வழக்கமான தீனி, அதாவது 100 கிலோ மீனுக்கு நாளொன்றுக்கு 2 முதல் 3 கிலோ. 15 முதல் 20 வரை பாதி. 10 முதல் 15 வரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள், வெயில் உச்சியில் சிறிதளவு. 10க்குக் கீழே தீனியே வேண்டாம். மீன் பட்டினியால் சாகாது.

3. கார்த்திகை முதல் மாசி வரை குளத்தில் சாணம் கொட்டக்கூடாது.

4. உறைபனி நாட்களில் வலை வீசி மீனைத் தொந்தரவு செய்யக்கூடாது. மேல் வழவழப்பு போனால் பூஞ்சை பிடிக்கும்.

5. சமவெளிக் குஞ்சுகளைப் பையிலிருந்து நேரே குளத்தில் கொட்டக்கூடாது. கட்டிய பையைக் கால் மணி நேரமாவது நீரில் மிதக்கவிட்டு, பிறகு குளத்து நீரைச் சிறிது சிறிதாகப் பையில் சேர்த்து, குஞ்சுகள் தாமே வெளியேற விட வேண்டும்.

6. குளம் ஐந்தாறு அடி ஆழம் இருக்கட்டும். ஆழமில்லாத குளம் ஒரே இரவில் குளிர்ந்துவிடும்.

7. தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கும் தாமிர மருந்து மழையில் வழிந்து குளத்தில் சேராதபடி கரை கட்ட வேண்டும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த மலை நீரில் தாமிரம் மீனுக்குக் கடும் விஷம்.

இவற்றைச் சொன்னால் மார்கழியில் நம் விற்பனை குறையுமே என்று கேட்கலாம். குறையத்தான் செய்யும். என் கடையிலும் அந்த இரண்டு மாதம் மீன் தீனிக்கென்று போகும் மூட்டை பாதிதான். ஆனால் மீன் செத்த குளத்துக்கு அடுத்த வருடம் ஒரு மூட்டைகூடப் போகாது. பழைய பாக்கியும் வராது.

அந்தக் கோத்தகிரி நண்பரை நானே தேடிச் சென்று, தவறு என் யோசனையில்தான் என்று ஒப்புக்கொண்டேன். பாக்கியில் பாதியைத் தள்ளினேன். அடுத்த சித்திரையில் அவர் சாதாக்கெண்டைக் குஞ்சு விட்டார். இப்போது மார்கழி பிறந்ததும் அவரே போன் செய்து, "அண்ணாச்சி, தண்ணி பதினாலு டிகிரி. இந்த வாரம் மூட்டை வேண்டாம்" என்கிறார். அவர் கணக்கு என் பேரேட்டில் இன்றும் நடப்பில் இருக்கிறது.

பொருளை நிறுத்துக் கொடுப்பதோடு நம் கடமை முடிவதில்லை. தெரிந்ததைச் சொல்லிக் கொடுப்போம். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்வோம்.