மலை ரயிலும் இடப்பெயர்ச்சியும்

ஒரு பொருள் கடந்த பாதையின் முழு நீளம் தொலைவு. புறப்பட்ட இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்கு நேர்கோட்டில் உள்ள நீளமும் திசையும் சேர்ந்தது இடப்பெயர்ச்சி. முன்னது ஸ்கேலார், பின்னது வெக்டர். தேர்வில் இவ்வளவு எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் ஒரே பயணத்துக்கு இரண்டு அளவுகள் எதற்கு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் மலை ரயிலை எடுத்துக்கொள்வோம். 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் திறக்கப்பட்ட பாதை. நீளம் 46 கிலோமீட்டர். நிலப்படத்தில் இரு நிலையங்களையும் நேர்கோட்டால் இணைத்தால் ஏறத்தாழ 29 கிலோமீட்டரே வருகிறது, திசை மேற்கு-வடமேற்கு. மீதி 17 கிலோமீட்டரும் வீண்தானா? இல்லை. கல்லாறு முதல் குன்னூர் வரை மலை சட்டென்று உயர்கிறது. அங்கே 12.5 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற சரிவில், பல்சக்கரத்தின் துணையோடு வண்டி ஏறுகிறது. இந்தச் சரிவு மிகாமல் சுமார் 1,300 மீட்டர் ஏறவேண்டுமானால் குறைந்தது 16 கிலோமீட்டர் பாதை வேண்டும். நேர்வழியில் அவ்வளவு நீளம் கிடையாது. ஆகவே பாதையை வளைத்து வளைத்து நீளத்தைத் தேடிக்கொண்டார்கள்.

இனி உயரத்தைப் பார்ப்போம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர். உதகை நிலையம் 2,200 மீட்டர். இந்த 1.87 கிலோமீட்டர் ஏற்றத்தையும் பிதாகரஸ் தேற்றப்படி சேர்த்துப் பாருங்கள். இடப்பெயர்ச்சியின் நீளம் ஏறக்குறைய 60 மீட்டர்தான் கூடுகிறது! எஞ்சின் பட்ட பாடெல்லாம் அந்த எண்ணில் காணாமற் போய்விடுகிறது. நீளத்தை மட்டும் சொன்னால் போதாது, திசையும் வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவது இதனால்தான். புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை என்பது எடையை இடப்பெயர்ச்சியின் செங்குத்துக் கூறால் பெருக்கக் கிடைப்பது. பாதை எப்படி வளைந்தாலும் அது மாறாது. உராய்வு அப்படியல்ல, அது தொலைவைக் கணக்குப் பார்த்து ஒவ்வொரு மீட்டருக்கும் வரி வாங்கும்.

ஏறுவதற்கு 5 மணி நேரம் என்று கொண்டால், சராசரி வேகம் மணிக்கு 9.2 கிலோமீட்டர். சராசரித் திசைவேகமோ மணிக்கு 5.8 கிலோமீட்டர்தான்.

அதே வண்டியில் மாலையில் மேட்டுப்பாளையம் திரும்பிவிட்டால் தொலைவு 92 கிலோமீட்டர், இடப்பெயர்ச்சி சுழி. ஈர்ப்புக்கு எதிரான நிகர வேலையும் சுழியே. ஏறும்போது சேர்த்த நிலை ஆற்றல், இறங்கும்போது பிரேக்குகளில் சூடாகிக் காற்றோடு போயிருக்கும்.