நிராகரித்தால் காரணம் சொல்லுங்கள்

படுத்த படுக்கையான பிள்ளையை, நடக்க முடியாத தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் ஓசூரைச் சுற்றியுள்ள நம் காலனிகளில் நிறையப் பேர். சிப்காட் கம்பெனிகளில் ஒப்பந்த வேலை கிடைத்தாலும் இவர்களால் ஷிப்டுக்குப் போக முடியாது. இரவும் பகலும் இவர்கள் செய்வதை வேலை என்று ஊர் எண்ணுவதில்லை. சட்டம் எண்ணுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 24ஆவது பிரிவில், அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதைச் சேர்த்திருக்கிறது. தமிழக அரசு 2023 ஜனவரி முதல் பராமரிப்பு உதவித்தொகையை மாதம் ரூ.2,000 ஆக்கியது. அதிக உதவி தேவைப்படுவோரின் உதவியாளருக்கு ரூ.1,000 தனியாக உண்டு.

அறிவிப்பு வந்துவிட்டது, பணம் வீடு வந்து சேரும் வழியில்தான் சிக்கல். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருப்பது கிருஷ்ணகிரியில். ஓசூரிலிருந்து சுமார் 50 கி.மீ. அஞ்செட்டி, தளிப் பக்கத்தவருக்கு இன்னும் தொலைவு. ஒருமுறை போய்வந்தால் ஒருநாள் கூலி போச்சு. வீட்டில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ள ஆளும் தேட வேண்டும். போன இடத்தில் கிடைப்பது ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்ற பதில். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்களுக்குப் படிவத்தை நிரப்பித் தர ஒரு தரகர் வேண்டியிருக்கிறது. தள்ளுபடி ஆனால் ஏன் என்று தெரிவதில்லை. காரணம் தெரியாதவர் எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வார்?

இது முடியாத காரியமல்ல. 2023இல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, நிராகரிப்பின் காரணம் குறுஞ்செய்தியில் வந்தது. 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய முடிந்தது. அத்திப்பள்ளியைத் தாண்டினால் கர்நாடகத்தில் 2011ஆம் ஆண்டின் சகாலா சட்டம் இருக்கிறது. விண்ணப்பத்துக்கு எண் தர வேண்டும், கெடு தவறினால் நாளொன்றுக்கு ரூ.20 வீதம் ரூ.500 வரை இழப்பீடு தர வேண்டும் என்கிறது அது. தொகை சிறிது, ஆனால் தாமதத்துக்குப் பொறுப்பு யார் என்பதை அது எழுத்தில் வைக்கிறது. இங்கும் சேவை உரிமைச் சட்டம் வேண்டும் என்பது பல ஆண்டுக் கோரிக்கை.

நாம் கேட்பவை நான்கு. பராமரிப்புத் தொகை விண்ணப்பத்துக்குத் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு. முடிவுக்குக் கெடு. நிராகரித்தால் எழுத்தில் காரணம். ஓசூரிலேயே மாதம் ஒருமுறை மருத்துவச் சான்று, மேல்முறையீடு இரண்டையும் பார்க்கும் முகாம். எழ முடியாதவர்களை அவர்கள் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும், அந்த வீடு காலனியில் இருந்தாலும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். முடிவால் பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்வது அலுவலகத்தின் கடமை என்கிறது தகவல் உரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு. அச்சட்டத்தில் மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஊனச் சான்று மறுக்கப்பட்டால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59ஆவது பிரிவில் மேல்முறையீடு உண்டு. கொடுத்த ஒவ்வொரு மனுவுக்கும் நகல் வையுங்கள். முத்திரை வாங்காமல் அலுவலகப் படி இறங்காதீர்கள்.