திறந்த மூல நிலைபொருளும் திறவுகோல் உரிமையும்: ஓப்பன்பவர் சேவையகங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சேவையகத்தில் முதலில் இயங்கும் மென்பொருள் நிலைபொருள் ஆகும். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம் என்ற நிலையில், செக்யூர் பூட் எனப்படும் பாதுகாப்பான தொடக்கம் எங்ஙனம் அமைகிறது என்பதைப் பவர்9 செயலி கொண்ட ஓப்பன்பவர் சேவையகங்களின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிலைபொருள், திறந்த மூலம், இலக்கமுறைக் கையொப்பம், நம்பிக்கை வேர், ஓப்பன்பவர்.

முன்னுரை

மின்விசையை அழுத்தியது முதல் இயங்குதளம் நினைவகத்தில் வந்தமரும் வரை சேவையகத்தின் முழு ஆளுகையும் நிலைபொருளிடமே உள்ளது. இக்கட்டத்தில் புகும் தீநிரலை இயங்குதளம் கண்டறிவது மிக அரிது. வன்தட்டை மாற்றினாலும் அது அழியாது. ஏனெனில் நிலைபொருள் தாய்ப்பலகையிலுள்ள தனி ஃபிளாஷ் சில்லில் உறைகிறது.

பாதுகாப்பான தொடக்கத்தில் ஒவ்வொரு கட்டமும் அடுத்த கட்டத்தின் கையொப்பத்தைச் சரிபார்த்த பின்னரே அதனிடம் கட்டுப்பாட்டை ஒப்படைக்கும். அவ்வாறெனில் முதல் கட்டத்தைச் சரிபார்ப்பது எது? அதற்கான அடிப்படை, வழக்கமான மென்பொருளால் மாற்றவியலாத ஓரிடத்தில் இருத்தல் வேண்டும். இதனையே நம்பிக்கை வேர் என்பர்.

மூலநிரல் வெளிப்படையாயின் தாக்குபவருக்கு அது துணையாகாதா என்னும் ஐயம் இயல்பானது. இராணுவ மறையீட்டியல் குறித்து 1883-இல் எழுதிய ஆகுஸ்ட் கெர்க்கோஃப்ஸ் இதற்கு முன்பே விடையளித்துவிட்டார். முறைமை பகைவர் கையில் சிக்கினாலும் தீங்கு நேராதவாறு அது அமைய வேண்டும். மறைவாக இருக்க வேண்டியது திறவுகோல் மட்டுமே. எனவே ஆராயத்தக்க வினா, திறவுகோல் யாரிடம் உள்ளது என்பதே.

பவர்9 சேவையகத்தின் கையொப்பச் சங்கிலி

ஓப்பன்பவர் அமைப்பு 2013-இல் உருவானது. மறு ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் பவர்8 நிலைபொருளின் முதன்மையான பகுதிகளை அப்பாச்சி உரிமத்தில் வெளியிட்டது. பவர்9 தலைமுறையில், செயலிக்குள் அமைந்த தொடக்கப்பொறி முதலில் இயங்குகிறது. பின்னர் நினைவகத்தை ஆயத்தப்படுத்தும் ஹோஸ்ட்பூட், அதன்பின் ஸ்கிபூட், இறுதியாகச் சிறு லினக்ஸ் வடிவிலான பெட்டிட்பூட் என வரிசை நீள்கிறது.

நிலைபொருளின் பகுதிகள் கையொப்பமிட்ட கொள்கலன்களாக வைக்கப்படுகின்றன. கொள்கலனின் தலைப்பில் மூன்று வன்பொருள் பொதுத்திறவுகோல்கள் இடம்பெறும். இம்மூன்றையும் சேர்த்துக் கணித்த 512 பிட் ஹாஷ் மதிப்பு செயலித் தொகுதியிலுள்ள நினைவகத்தில் பதிந்துள்ளது. தலைப்பிலுள்ள திறவுகோல்களின் ஹாஷ் இதனோடு பொருந்தாவிடில் தொடக்கம் நின்றுவிடும்.

வன்பொருள் திறவுகோல்கள் நிரலுக்கு நேரடியாக ஒப்பமிடுவதில்லை. நிலைபொருள் திறவுகோல்களுக்கே ஒப்பமிடுகின்றன. நிரலுக்கு ஒப்பமிடுபவை இந்த இரண்டாம் அடுக்குத் திறவுகோல்கள். இப்பிரிவினை நுட்பமானது. நாள்தோறும் புழங்கும் திறவுகோல் களவுபோனால் அதனை மாற்றலாம். அரிதாகவே வெளிவரும் வன்பொருள் தனித்திறவுகோல்களை மூவரிடம் பிரித்து வைக்கலாம். மூன்று பூட்டுள்ள உண்டியலை ஒருவர் மட்டும் திறக்கவியலாததைப் போன்றதே இது.

டி.பி.எம். சில்லைப் பயன்படுத்தும் அளவிடும் தொடக்கம் இதனின்றும் வேறானது. அது எதனையும் தடுப்பதில்லை. எது இயங்கியது என்பதைப் பதிவுசெய்து, பின்னர்ச் சான்றளிக்க மட்டுமே உதவுகிறது.

திறவுகோல் யாருடையது?

நிலைபொருளை உருவாக்குவோர் தம் நிரலைச் சோதிக்க, இம்பிரிண்ட் திறவுகோல்கள் என்பவை தனித்திறவுகோலுடனேயே பொதுவெளியில் தரப்பட்டுள்ளன. அவற்றைக் கொண்ட சேவையகம் கையொப்பத்தைச் சரிபார்க்கும். ஆனால் எவரும் ஒப்பமிடலாமாதலால் எதனையும் காக்காது. பயன்பாட்டுக்கு அனுப்பும் முன், பழைய திறவுகோலால் ஒப்பமிட்ட கொள்கலன் வழியாகப் புதிய ஹாஷ் மதிப்பைப் பதித்தாக வேண்டும். இப்படி தவறினால் நேர்வதை 2024-இல் வெளிப்பட்ட பி.கே.ஃபெயில் குறைபாடு காட்டியது. நம்பத்தகாதது என்று தன்மீதே பெயர் பொறித்திருந்த யு.இ.எஃப்.ஐ. சோதனைத் திறவுகோல், பல நிறுவனங்களின் நூற்றுக்கணக்கான கணினி மாதிரிகளில் விற்பனைக்கே சென்றிருந்தது.

மறுமுனையில் இன்டெல் 2013-இல் அறிமுகப்படுத்திய பூட் கார்டு உள்ளது. அதில் தயாரிப்பாளரின் திறவுகோல் ஹாஷ் உருகியில் நிலையாக எரிக்கப்படுகிறது. இயந்திரத்தை வாங்கியவர் அதனை மாற்றவியலாது. கோர்பூட் போன்ற திறந்த நிலைபொருளை அத்தகைய கணினியில் ஏற்றத் தயாரிப்பாளரின் கையொப்பம் தேவை. 2023-இல் ஒரு தயாரிப்பாளரின் பூட் கார்டு தனித்திறவுகோல்கள் கசிந்தபோது, விற்ற கணினிகளில் எரித்த ஹாஷைத் திரும்பப் பெற வழியில்லை. மாற்றவியலாமையே வலிமை எனக் கருதும் வடிவமைப்பின் விலை இது என்பது கட்டுரையாளரின் கருத்து. பவர்9 தாய்ப்பலகையில் பாதுகாப்பு முறையை ஒரு ஜம்பர் இணைப்பு தீர்மானிக்கிறது. அதனை மாற்றக் கருவியின் மூடியைத் திறந்தாக வேண்டும். தொலைவிலிருக்கும் தாக்குநருக்கு அது எட்டாது, உரிமையாளருக்கு எட்டும்.

எஞ்சும் ஓர் இடைவெளி

கையொப்பம் ஒப்பமிட்டவர் யார் என்பதை மட்டுமே கூறும். இயங்கும் இருமக்கோப்பு வெளியிட்ட மூலநிரலிலிருந்துதான் வந்தது என்பதைக் கூறாது. இதற்கு, ஒரே மூலநிரலை இருவர் தனித்தனியே தொகுத்தாலும் ஒரு பிட்டும் மாறாத விளைவு கிடைக்க வேண்டும். தொகுத்த நேரம், கோப்பகப் பாதை போன்ற சிறு செய்திகள் கோப்பினுள் பதிந்தாலே ஒப்புமை கெடும். இவற்றை நீக்கித் தொகுத்தால், தயாரிப்பாளர் தந்த கோப்பிலிருந்து கையொப்பத் தலைப்பைக் கழித்துவிட்டு, எஞ்சியதைத் தாம் தொகுத்த கோப்போடு உரிமையாளரே ஒப்பிட்டுப் பார்க்க இயலும்.