வடிவான எழுத்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளையும்

2010ஆம் ஆண்டு, கிளிநொச்சி மாவட்டத்தில் மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். தறப்பாள் கூரை, ஒரு கரும்பலகை, ஆறாம் தரத்தில் முப்பது பிள்ளைகள். அவர்களுள் ஒருத்தியின் கொப்பி அச்சடித்தது போல இருக்கும். கரும்பலகையில் உள்ளதைப் பிழையின்றிப் பார்த்து எழுதுவாள். நானும் நாள்தோறும் சரி போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

ஒருநாள் அவளை எழுப்பி வாசிக்கச் சொன்னேன். வாய் திறக்கவில்லை. "இவ்வளவு வடிவாய் எழுதிப்போட்டு வாசிக்கத் தெரியாதோ?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. அடுத்த நாள் முதல் அவள் வரவில்லை.

நான்காம் நாள் வீடு தேடிப் போனேன். தகப்பன் யுத்தத்தில் இறந்துவிட்டார். தாய் என்னை ஏசவில்லை. "ரீச்சர், நாலாம் வகுப்பு முழுக்க ஓட்டம். அஞ்சாம் வகுப்பு செட்டிகுளம் முகாமில. அவள் எங்க ஏ, பி, சி படிச்சவள்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அப்போது எமது பாடசாலைகளில் ஆங்கிலப் பாடப்புத்தகம் மூன்றாம் தரத்தில் தொடங்கியது. நடுவில் அறுந்துபோன படிகளைப் பாராமல் நான் ஆறாம் தரப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன்.

அதன் பின் பாடசாலை விட்டதும் அவளோடும் அவளைப் போன்ற ஆறு பேரோடும் அரை மணி நேரம் இருந்தேன். சவர்க்காரச் சுற்றுத்தாள், தேயிலைப் பைக்கற், பனடோல் அட்டை ஆகியவையே எங்கள் புத்தகம். பெயர் தெரிந்த பொருள் என்பதால் எழுத்தின் ஒலி மனதில் ஒட்டியது.

பிள்ளைகள் விடும் பிழைகளுக்கும் காரணம் உண்டு. பன்றிக்கும் பெரியதற்கும் உரிய இரண்டு ஆங்கிலச் சொற்களையும் தமிழில் 'பிக்' என்றே எழுதுகிறோம். வாய்க்கு முன்னால் கையை வைத்துச் சொல்லிப் பார்க்கச் செய்தேன். பன்றியைச் சொல்லும்போது மூச்சுக் காற்று கையில் படும். 'ஐ ரைஸ் ஈட்' என்று எழுதும் பிள்ளை மக்கு அல்ல. 'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்ற தமிழ் ஒழுங்கில் அது யோசிக்கிறது. மூன்று பிள்ளைகளிடம் மூன்று சொல் மட்டைகளைக் கொடுத்து இடம் மாறி நிற்க வைத்தால், ஆங்கில ஒழுங்கு விளங்கிவிடும்.

"எனக்கே இங்கிலீஷ் தெரியாது, நான் என்னெண்டு சொல்லிக் குடுக்கிறது?" என்று பல தாய்மார் கேட்பார்கள். சகோதரிகளே, நீங்கள் கற்பிக்க வேண்டியதில்லை. தினமும் பத்து நிமிடம் பிள்ளை சத்தமாக வாசிப்பதைக் கேளுங்கள். "இது என்ன எழுத்து? எனக்கும் சொல்லித் தா" என்று கேளுங்கள். பிழைவிட்டால் சிரிக்காதீர்கள். இடப்பெயர்வாலோ வறுமையாலோ படிப்புத் தடைப்பட்டிருந்தால் அதை ஆசிரியரிடம் சொல்லுங்கள். அந்தத் தாய் சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்தே இராது.

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தச் சட்டம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழி என்கிறது. மருந்துச் சீட்டும் வேலை விண்ணப்பமும் அதில்தான் பெரும்பாலும் வருகின்றன. எங்கள் பிள்ளைகள் அதற்குப் பயந்து ஒதுங்கக் கூடாது.

அவள் 2015இல் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள். ஆங்கிலத்தில் கிடைத்தது 'எஸ்' சித்தி. பெரிய பெறுபேறு அல்லத்தான். ஆனால் பெறுபேற்றுத் தாளை என்னிடம் கொண்டுவந்து, அதிலிருந்த ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் தாய்க்குக் கேட்கும்படி அவளே வாசித்தாள்.