வாடகை வண்டியும் ஊர்ப் பெயரும்

யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இரவுப் பேருந்தேறி, பொழுது புலருமுன் கொழும்பில் வந்திறங்கும் எம் பிள்ளைகள் அந்நகரில் முதன்முதற் பேசும் மனிதர் பெரும்பாலும் ஒரு முச்சக்கர வண்டிச் சாரதியாகவே இருப்பர். நேர்முகப் பரீட்சைக்கோ, வைத்தியசாலைக்கோ நேரத்துடன் போய்ச் சேரவேண்டிய அவசரம் ஒருபுறம். ஏமாற்றப்படுவோமோ என்னும் அச்சம் மறுபுறம். இந்நிலையில், போகுமிடத்தைச் சாரதிக்கு விளங்கச் சொல்லத் தெரிந்தவனுக்குப் பாதிக் கவலை நீங்கிவிடும் என்பது நாம் கண்ட உண்மை.

கொழும்பிலே ஓரிடத்திற்கு இரண்டு மூன்று பெயர்கள் உண்டு. நாம் கறுவாத்தோட்டம் என்போம். சிங்களச் சாரதி அதனைக் குருந்துவத்த என அறிவார். எமது முகத்துவாரம் அவருக்கு மோதர, புறக்கோட்டை பிட்டகொட்டுவ, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடை அலுத்கடே. புதுக்கடையும் அலுத்கடேயும் சொல்லுக்குச் சொல் ஒரே பொருளுடையன என்பது மொழியார்வமுடைய மாணவர் சுவைக்கத்தக்கது. வீதிகளின் நிலையும் இதுவே. கடிதத் தலைப்பில் ஆர். ஏ. டி மெல் மாவத்தை என்றிருக்கும்; ஊரார் வாயில் அது டூப்ளிகேஷன் வீதி. ஆதலின் தபால் வலய எண்ணையும் சேர்த்துச் சொல்வது நன்று. கொழும்பு 6 வெள்ளவத்தை, 7 கறுவாத்தோட்டம், 12 புதுக்கடை, 13 கொட்டாஞ்சேனை: எண்ணுக்கு மொழிபேதம் இல்லையன்றோ! அருகிலுள்ள கோயிலையோ பாடசாலையையோ குறித்துவைத்தால் இன்னும் நலம். சாரதியும் வெளியூரிலிருந்து பிழைப்புக்காக வந்தவராயிருக்கலாம். ஒவ்வோர் ஒழுங்கையும் அவருக்குத் தெரிந்திருக்குமென எதிர்பார்த்தல் நியாயமாகாது.

திசைக்குக் கடலே துணை. கோட்டையிலிருந்து காலி வீதி வழியே தெற்கே வெள்ளவத்தைக்குச் செல்பவனுக்குக் கடல் வலப்புறத்தே இருக்கும். ஆயினும் வண்டி சற்றே விலகித் திரும்பியதும் கூச்சலிடலாகாது. ஒருவழிப் பாதைகள் மலிந்த நகரில் நேர்வழி எப்போதும் குறுக்குவழியன்று.

வழிசொல்ல நான்கு சிங்களச் சொற்கள் போதும். தக்குண என்பது வலம். வம என்பது இடம். கெலின் என்றால் நேரே. நவத்தன்ன என்றால் நிறுத்துங்கள். முதலிரண்டும் வடமொழித் தட்சிணமும் வாமமுமே. அம்பிகை சிவபிரானின் வாமபாகத்தில் அமர்ந்திருப்பதைச் சிறுவயதிலேயே கேட்டறிந்த எம்மவர்க்கு இவற்றை நினைவிற் கொள்வது அரிதாமோ?

இனிக் கட்டணம். டாக்சி என்ற பெயரே டாக்சிமீட்டர் என்னும் கருவியாற் பிறந்ததாகும். ஜெர்மானியரான புரூன் 1891 இல் அக்கருவியை அமைத்தார். பயணியின் முகத்தையும் பெட்டியையும் பார்த்து விலை கூறாது, ஓடிய தூரத்தை அளந்து கூலி கூறுவதே அதன் பணி. மீட்டர் உள்ள வண்டியில் அது தொடக்கத்திலேயே இயக்கப்பட்டதா எனக் கவனித்தல் வேண்டும். மீட்டர் இல்லையேல், பெட்டியை உள்ளே வைக்குமுன் தொகையைப் பேசிக்கொள்க. இறங்கியபின் பேசுவது சண்டையிலேயே முடியும். கைத்தொலைபேசிச் செயலி வழியாக அழைப்போர் உத்தேசக் கட்டணத்தை முன்னரே காணலாம். எனினும் வந்த வண்டியின் இலக்கம் திரையிலுள்ள இலக்கந்தானா என ஒப்புநோக்காமல் ஏறலாகாது. தனியே செல்லும் பெண்பிள்ளைகள் அவ்விலக்கத்தை வீட்டாருக்கும் அனுப்பிவைப்பது அவசியம்.

கொழும்புச் சாரதிகளிலே தமிழ் பேசுவோரும் பலர். தமிழறியாதவரையும் எம் பிள்ளைகள் தயங்காது "ஐயா" என்றே அழைக்கலாம். சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன். மரியாதைக்காக நாம் சொன்னதை அவர் உறவாகக் கொள்வார். வயதில் இளையவராயின் "மல்லி" எனலாம். தம்பி என்பதே அதன் பொருள்.