இணையத்தின் சிறப்புப்பாயிரம்

நூலை இயற்றியவர் அதன் பெருமையைத் தாமே எடுத்துரைத்தல் தகாது என்பது தமிழ் மரபு. அவருடைய ஆசிரியர், உடன்கற்றவர், மாணவர், நூலுக்கு உரை கண்டவர் ஆகிய நால்வருள் ஒருவரே சிறப்புப்பாயிரம் செய்தற்கு உரியவர் என்று பவணந்தி முனிவரின் நன்னூல் வரையறுக்கிறது. ஒன்றன் தகுதிக்குப் பிறர் வாய்ச்சொல்லே சான்று என்னும் இக்கருத்து, இன்றைய தேடுபொறியின் அடிப்படைகளுள் ஒன்றாகவும் விளங்குகிறது.

ஓர் இணையதளம் மற்றொரு தளத்தின் பக்கத்தைச் சுட்டித் தரும் இணைப்பை ஆங்கிலத்தில் பேக்லிங்க் என்பர். இதனைப் 'பின்னிணைப்பு' எனப் பெயர்ப்பாரும் உளர். நூலின் இறுதியில் சேர்க்கப்படும் பகுதிக்கு அச்சொல் முன்னரே உரியதாகிவிட்டமையால், 'உள்வரும் இணைப்பு' என்பதே மயக்கம் தராது.

ஆய்வுக் கட்டுரைகளைப் பிறர் எங்கெங்கு எடுத்தாண்டுள்ளனர் எனத் தொகுக்கும் மேற்கோள் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு என்பார் 1955இல் முன்மொழிந்தார். மேற்கோள் மதிப்பைக் காட்டும் என்னும் இவ்வெண்ணத்தை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகியோர் இணையத்திற்குப் பொருத்தினர். 1996இல் அவர்கள் உருவாக்கிய தேடுபொறியின் பெயர் 'பேக்ரப்'; அதுவே பின்னர் கூகுள் ஆயிற்று. அவர்கள் வகுத்த பேஜ்ரேங்க் முறையில் எல்லா இணைப்புகளும் ஒரே எடை உடையனவல்ல. 60 மதிப்புடைய பக்கமொன்று மூன்று பக்கங்களைச் சுட்டினால், சிறு கழிவை நீக்கிப் பார்க்க, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 20 கிடைக்கும். முப்பது பக்கங்களைச் சுட்டினால் இரண்டே கிடைக்கும். தன்னை எவரும் சுட்டாத பக்கத்திடம் பிறருக்கு ஈவதற்குரிய மதிப்பும் மிகச் சிறிதே.

பிறர் பொருளைப் பரிந்துரைத்து, அதன்வழி நிகழும் விற்பனைக்குத் தரகு பெறும் தளம் அஃபிலியேட் தளம் எனப்படும். அமேசான் நிறுவனம் 1996இலேயே இத்தகைய திட்டத்தைத் தொடங்கியது. இத்தளம் புதிதாகத் தோன்றும்போது அதனைச் சுட்டுவோர் எவரும் இரார். தேடல் முடிவுகளில் அது கண்ணுக்கெட்டாத பக்கத்தில் கிடக்கும். வருவோர் இல்லையேல் தரகும் இல்லை. இந்நெருக்கடியிலிருந்து பிறந்த உத்தியே கட்டுரைவழிச் சந்தைப்படுத்தல்.

அதன் நடைமுறை எளிது. மிதிவண்டி உதிரிப்பாகங்களைப் பரிந்துரைக்கும் தளத்தினர், 'சங்கிலியைப் பேணுவது எவ்வாறு?' எனச் சிறு கட்டுரை வரைவர். அதனை எவரும் இலவசமாகக் கட்டுரை சேர்க்கத்தக்க களஞ்சியத் தளங்களுக்கு அனுப்புவர். கட்டுரையின் அடியில் உள்ள ஆசிரியர் குறிப்பில் தம் தளத்திற்கு இணைப்பு இருக்கும். அக்குறிப்பை நீக்காமல் எவரும் கட்டுரையை மறுபதிப்புச் செய்யலாம் என்பதால், இணைப்புகள் பெருகும். பயனுள்ள கட்டுரையாயின் படிப்போர்க்கும் இதனால் நன்மையே. தொடக்கத்தில் அவ்வாறு பயன்பட்டனவும் உண்டு.

எண்ணிக்கையின் மீது வேட்கை எழுந்தபோது நிலை மாறியது. ஒரே கட்டுரையின் சொற்களுக்கு மாற்றுச்சொற்களை இட்டு, புதியன போலப் பல வடிவங்களை ஆக்கும் மென்பொருள்கள் வந்தன. ஒரு தொடரில் நான்கு சொற்களுக்கு ஐந்தைந்து மாற்றுகள் தந்தால் 625 தொடர்கள் கிடைக்கும். ஆனால், ஒருபொருட்பன்மொழியை இடமறிந்து ஆளுதல் மனிதர்க்கே அரிது. அம்மென்பொருள் தமிழில் இயங்கினால் 'பருத்தி நூல்' என்பது 'பருத்திப் புத்தகம்' என்றாகிவிடும். இத்தகைய ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எவரும் படிப்பதற்காக எழுதவில்லை. தேடுபொறி எண்ணுவதற்காகவே எழுதினர். தம் நூலுக்குத் தாமே பாயிரம் பாடி, அடியில் பிறர் பெயரை எழுதுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இதனால் உண்மையாகவே தகவல் தேடியவர் அலைக்கழிந்தார்; உழைத்து எழுதியவரின் பக்கம் பின்னுக்குத் தள்ளப்பட்டது.

2011 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் 'பாண்டா' எனப்பட்ட மாற்றத்தைச் செய்து, தரம் குறைந்த உள்ளடக்கமுடைய தளங்களைக் கீழிறக்கியது. அமெரிக்காவில் மேற்கொள்ளப்பட்ட தேடல்களுள் 11.8 விழுக்காடு இதனால் மாற்றம் கண்டது. கட்டுரைக் களஞ்சியங்கள் பலவும் அப்போது வருகையாளரை இழந்தன. 2012 ஏப்ரலில் வந்த 'பெங்குவின்' செயற்கை இணைப்புகளையே குறிவைத்தது. முன்பு இணைப்புக்காக அலைந்தவர்கள், இப்போது அவற்றை நீக்கித் தருமாறு பிற தளத்தாரை வேண்டி மடல் எழுதலாயினர். நீக்க இயலாதவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டா எனத் தெரிவிக்கும் கருவியொன்றையும் அவ்வாண்டு அக்டோபரில் கூகுள் வழங்கியது. 2016 முதல் பெங்குவின் முறை இத்தகைய இணைப்புகளைப் பெரும்பாலும் மதிப்பிடாமலே விட்டுவிடுகிறது. பணமும் உழைப்பும் செலவிட்டு நட்டவை வேர்பிடியாமல் போகின்றன என்பதே இதன் பொருள்.

புதிய தளத்திற்கு இன்றும் வழி உண்டு. அது மெதுவான வழி. மிதிவண்டித் தளத்தினர் பத்துச் சங்கிலிகளை வாங்கி, மழையிலும் புழுதியிலும் ஓட்டித் தேய்மானத்தை அளந்து, படங்களுடன் வெளியிட்டால், பழுதுபார்ப்போரும் மிதிவண்டிக் குழுவினரும் அதனைத் தாமே சுட்டுவர். துறைசார்ந்த இதழொன்றுக்கு அதன் ஆசிரியர் குழு ஏற்கும் தரத்தில் கட்டுரை எழுதுவதும் முறையானதே. பணம் பெற்று அளிக்கும் இணைப்பில் அதனை உணர்த்தும் குறியீடு இருத்தல் வேண்டும் என்பது கூகுளின் விதி. 2005இல் அறிமுகமான 'நோஃபாலோ', 2019இல் சேர்ந்த 'ஸ்பான்சர்டு' ஆகியன இதற்குப் பயன்படுகின்றன. இக்குறியீடுகள் தேடுபொறிக்கு உரியவை. படிப்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டா. ஆதலின், 'இவ்விணைப்பின்வழி வாங்கினால் எங்களுக்குத் தரகு கிடைக்கும்' என்று பக்கத்தின் தலைப்பகுதியிலேயே அறிவிக்கும் தளங்களும் உள்ளன.