ஆமையின் குருதி

சென்ற மாதம் பொரளையில் ஒரு வைத்தியர் என் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "போன வருஷத்துத் தாள் இருக்கிறதா?" என்று வினவினார். இல்லையென்றேன். "இந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது, ஐயா?" என்று சற்றே கடிந்துகொண்டார்.

பேஸ்லைன் வீதி வழியே திரும்புகையில் என் நினைவில் எழுந்தவை கடலாமைகள். 2021 மே 20இல் கொழும்புக் கடலில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியது. யூன் 2இல் மூழ்கத் தொடங்கியது. அதன்பின் 200க்கு மேற்பட்ட ஆமைகள் இறந்து கரையொதுங்கின. இறந்ததை அறுத்துப் பார்க்கலாம். உயிரோடு நீந்துவதன் நலத்தை அறிவதெங்ஙனம்?

அதற்கும் வழியுண்டு. கழுத்தின் மேற்புற நாளத்தில் ஊசியிட்டுச் சிறிதளவு குருதியெடுத்தபின் ஆமையைக் கடலிலேயே விட்டுவிடலாம். சோகையையும் பட்டினியையும் அக்குருதி காட்டிவிடும். ஆனால் நம்முடையவற்றைப் போலன்றி, ஆமையின் செங்குருதிக் கலங்களுக்குக் கரு உண்டு. ஆதலால் மனிதக் குருதியை எண்ணும் எந்திரம் இங்கே தடுமாறும். நுணுக்குக்காட்டியில் கண்ணால் எண்ணுதல் வேண்டும். ஆமை வேகத்து வேலைதான்!

நலமான ஆமையின் அளவுகளும் ஒரே படித்தானவையல்ல. இனம், வயது, கடல் என்பவற்றுக்கேற்ப வேறுபடும். இலங்கைக் கரைகளில் முட்டையிட ஏறுவனவோ ஐந்து இனங்கள். றெக்காவை மணலில் இரவில் ஏறிவரும் பேராமைக்கு அந்தப் "போன வருஷத்துத் தாளை", அடுத்த கப்பல் எரியுமுன்னரே நாம் எழுதி வைத்தாகவேண்டும்.